லேபல் உரித்த போத்தல்

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

காலை வேலை. முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடி முழுக்க என் பொறுப்பு. இருபத்தாறு பேருக்கு மாத்திரை பிரித்து வைத்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், அளவு, நேரம். தாதியாகப் பதினாறு வருசம், இன்னும் ஒருவருக்கும் மாறிப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, ஏன் மறைக்க வேணும்.

பின்னேரம் இவர் கானாவில் இருந்து தொலைபேசி எடுத்தார். தமாலே பக்கத்தில் கிராமத்து மருந்தகங்களின் கூரையில் சூரியத் தகடு பூட்டும் வேலை. போய் எட்டு மாதம். வெயிலைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார். வெயில் இல்லாத ஜேர்மனியின் பான் நகரத்தில் இருந்து கேட்க எரிச்சலாக இருந்தது.

கோயிலில் பழக்கமான கமலாம்பிகை அக்காவும் எடுத்தா. மகள் ஆதிரைக்கு மியூனிக்கில் ஒரு சம்பந்தம் பார்த்திருக்கிறா. பெடியனின் பெயர் மதீசன். "உங்கடை பக்கத்திலை ஏதும் நோய் வருத்தம் இருக்கோ எண்டு கேட்டினம் பிள்ளை. ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஓம் அக்கா, ஒண்டுமில்லை" என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

ஆஹெனில் விடுதியில் இருந்து படிக்கும் ஆதிரை கார் பழகுவதை நிறுத்திவிட்டாளாம். கடைசிச் சோதினைக்கு முன்பதிவு செய்த இரண்டு தெர்மின்தான் மிச்சம். ஏனடி என்றால், "பஸ் இருக்குத்தானே அம்மா" என்கிறாள். படித்த பிள்ளை, கேட்டுப் பிரயோசனமில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

இவர் கூரையில் இருந்து விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இதற்கு மேல் எழுத ஏலாது.

பெப்ரவரி 7, வெள்ளி

கூரைத் தகரம் உக்கிப்போய் இருந்ததாம். கால் வைத்த இடம் அப்படியே உடைந்து விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிவு. கூட வேலை செய்யும் யாகுபு என்ற பெடியன்தான் பிக்கப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒப்பரேசன் செய்து கம்பி வைக்க வேண்டும்.

அவருடைய வேலை ஒப்பந்தம் அந்த நாட்டுக் கொம்பனியோடு. ஜேர்மனியில் வசிப்பிடப் பதிவை வெட்டிவிட்டுப் போனதால் இங்கத்தைய மருத்துவக் காப்புறுதியும் நின்றுவிட்டது. வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கென்று தனியார் காப்புறுதி ஒன்று எடுத்திருக்கிறோம். அவர்கள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கடிதம் அனுப்பினால்தான் ஒப்பரேசனுக்கு நாள் வைப்பார்கள். அந்தக் காப்புறுதிக்காரர் வைத்திய விபரங்களைப் பார்க்க அனுமதிக் கையொப்பம் கேட்டார்கள், குடும்ப வைத்தியரின் பெயர் கேட்டார்கள். எல்லாம் அனுப்பினேன்.

என் பயத்துக்குக் காரணம் முறிந்த கால் மட்டும் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன். எழுதுவேனோ?

பெப்ரவரி 8, சனி

இருபத்தைந்து வருசத்தில் இந்தக் கொப்பியிலும் எழுதாத ஒன்று. இவருக்கு வலிப்பு வருத்தம்.

எனக்கே கலியாணம் முடிந்து ஐந்தாம் மாதம் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தபோதுதான் தெரியும். ஊருக்கு எடுத்து இவருடைய தாய், மாமியிடம் கேட்டேன். "அது சின்னனிலை இருந்து இருக்கிறது பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றா, உப்புக் குறைந்த கறியைப் பற்றிச் சொல்வதுபோல. என்னை ஏமாற்றிக் கட்டி வைத்தார்கள் என்று ஒரு கிழமை அழுதேன். அழுது முடிந்ததும் நானே காவல்காரி ஆகிவிட்டேன். முதலில் அவருடைய மானத்துக்காக. பிறகு ஆதிரைக்காக. அப்பனுக்கு வலிப்பு என்றால் மகளை யார் கட்டுவார்கள்? அவளுக்கும் தலையிடி மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

எங்கள் குடும்ப வைத்தியரின் வரவேற்பில் லக்சிகா இருக்கிறாள். நல்ல பிள்ளைதான், ஆனால் அவளுக்குத் தெரிந்தது அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தெரியும். அதனால் இந்த வருத்தத்துக்கு மட்டும் கொலோனில் வேறு வைத்தியர். மாத்திரைகளை விற்றமின் போத்தலில் போட்டு, லேபலைச் சுடுதண்ணியில் ஊற வைத்து உரித்து விடுவேன். என் கையாலேயே.

காப்புறுதிப் படிவத்தை நிரப்பியதும் நான்தான். ஆறாவது கேள்வி: நரம்பு சம்பந்தமான நோய் உண்டா, தொடர்ந்து மாத்திரை எடுக்கிறாரா. இவர் பின்னால் நின்று தேத்தண்ணி குடித்தார். "நைன்", இல்லை என்று போடும்படி அவர் சொல்லவில்லை. சொல்ல முதலே போட்டுவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இவரோடு கதைத்தேன். வலி குறைய ஊசி போட்டிருக்கிறார்கள், நாக்குத் தடுமாறுகிறது.

"குளிசை போட்டனீங்களோ?"

"யாகுபு பையைக் கொண்டந்து தந்தவன். தாதி போத்தலை எடுத்து வைச்சிட்டா. பேர் இல்லாத குளிசை குடுக்க மாட்டினமாம்."

சரியாகத்தான் செய்திருக்கிறா. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பெயர் இல்லாத மாத்திரை என் மாடியில் குப்பைக்குத்தான் போகும்.

"என்ன குளிசை எண்டு சொல்லுங்கோவன்."

"விசரே உனக்கு? சொன்னா ரிப்போட்டிலை எழுதுவினம். ரிப்போட் காப்புறுதிக்காரனுக்குப் போகும். பேசாமல் இரு. நாலு நாள் சமாளிப்பன்."

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. 2014இல் விடுமுறைக்குப் போன இடத்தில் போத்தலை மறந்து மூன்றே நாள்தான் விட்டார். நாலாம் நாள் சமையலறை நிலத்தில் விழுந்து, கதிரைக் காலில் தலை அடிபட்டு, வாயெல்லாம் இரத்தம். ஆதிரைக்குப் பன்னிரண்டு வயசு, கதவடியில் நின்றாள். தலையிடி மயக்கம் என்று சொன்னேன். இப்போது முறிந்த தொடையோடு அப்படி இழுத்தால்? மயக்க மருந்து கொடுத்த நேரத்தில் இழுத்தால்?

சொன்னால் காப்புறுதி போய்விடும், ஒப்பரேசன் நின்றுவிடும். சொல்லாவிட்டால் மனுசன் போய்விடுவார். படித்த தாதி ஒருத்தி உட்கார்ந்து இதை யோசிக்கிறாள். த்தூ.

பெப்ரவரி 10, திங்கள்

மதியம் காப்புறுதியில் இருந்து எடுத்தார்கள். மிகவும் மரியாதையான குரல். குடும்ப வைத்தியரின் கோப்பு வந்துவிட்டதாம், சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லையாம். நாளை பின்னேரத்துக்குள் பொறுப்பேற்புக் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போகுமாம். நன்றி சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும்.

ஆஹெனில் இருந்து ஆதிரை வந்து இறங்கினாள். முகம் வெளிறிக் கிடக்கிறது. தகப்பனை நினைத்துத்தான்.

நாலு மணிக்கு இவரிடம் இருந்து குரல்செய்தி. "வலது கை தன்ரபாட்டிலை துள்ளுது பிரபா. ஒண்டுமில்லை. நீ பயப்பிடாதை." அவருக்கு எப்போதும் அப்படித்தான் தொடங்கும். முதலில் வலது கை.

ஆதிரையும் பக்கத்தில் நின்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு எடு. என்ர இங்கிலீசுக்கு ஏலாது, நீ கதை" என்றேன். டொக்டர் அம்போன்சா என்று ஒரு பெண். ஆதிரை தொலைபேசியை மேசையில் வைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணால் கேட்டாள்.

"அப்பாவுக்கு வலிப்பு இருக்கு. அஞ்சு நாளாக் குளிசை இல்லை. சொல்லு."

அதிர்ந்து போவாள், அழுவாள், ஏன் மறைத்தீர்கள் என்று கத்துவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். என்ன மாத்திரை, எவ்வளவு என்று டொக்டர் கேட்டா. கொலோன் வைத்தியரின் தாளைத் தேடி நான் எழும்ப முதலே ஆதிரை சொல்லிவிட்டாள்: லெவெடிரசெட்டம், ஐந்நூறு, காலையில் ஒன்று, பின்னேரம் இரண்டு.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்பான்ர பையிலை முந்தி சீட்டைப் பாத்தனான்" என்றாள்.

டொக்டர் கோபப்படவில்லை. அடுத்த அரை மணியில் ஊசியாகவே ஏற்றிவிட்டா. ஆனால் குறிப்பேட்டில் எழுதத்தான் வேண்டும் என்றா. ஓம், எழுதுங்கோ. கடைசியில் இன்னொரு கேள்வி கேட்டா. ஆதிரை அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. ஏன் முதலே சொல்லவில்லை என்பதுதான். அந்த அளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும்.

டொக்டரின் குறிப்பு காப்புறுதிக்குப் போய்விட்டது. பொறுப்பேற்புக் கடிதம் இன்றைக்குப் போகவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

ஒப்பரேசன் முடிந்தது. கானாக் கொம்பனி தன் பொறுப்பில் செய்யச் சொல்லிக் கையொப்பம் வைத்திருக்கிறது. அவர் விழித்துவிட்டார். என்னோடு கதைக்க மாட்டாராம். யாகுபுவின் தொலைபேசியில் ஆதிரையோடு மட்டும் கதைத்தார்.

பெப்ரவரி 19, புதன்

கடிதம் வந்தது. உண்மையை மறைத்ததால் காப்புறுதி ஒப்பந்தம் செல்லாது, தொடங்கிய நாளில் இருந்தே. அந்தக் குரல்காரருக்கு நானே எடுத்தேன். கெஞ்சத்தான் எடுத்தேன். அதையும் ஒளிக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். படிவத்தில் "யா", ஓம் என்று போட்டிருந்தால் வலிப்பை மட்டும் விலக்கி வைத்துவிட்டு ஒப்பந்தம் தந்திருப்பார்களாம். மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பாம். தகரம் உடைந்து முறிந்த காலுக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைத்தானே என்று அவரே கேட்டார். அந்தக் கால் முழுக்க எங்கள் பொறுப்பாக இருந்திருக்கும், மன்னிக்க வேண்டும் என்றார்.

வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். சிரிப்பு வந்தது.  ஒளித்ததால் காப்பாற்றியது எது? ஒன்றைச் சொல்லு பிரபாலினி, ஒன்றை.

பெப்ரவரி 22, சனி

இன்றைக்கும் கதைக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கதைத்தார். அந்தக் குரல்செய்திக்குப் பிறகு பத்தொன்பது நாள் ஒரு சொல்லும் இல்லை. தடி பிடித்து எட்டு அடி நடந்தாராம்.

கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் வலிப்பு என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களாம், வருகிற போகிற எல்லோரும் பார்க்க. முதல் இரண்டு நாளும் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாராம். பிறகு பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி காலையில் சோறு கொண்டு வரும்போது, "மாத்திரை போட்டாச்சோ" என்று கேட்கத் தொடங்கிவிட்டாவாம். யாகுபுவும் கேட்கிறானாம். "வேறை ஒண்டும் கேக்கேல்லை பிரபா. குளிசை போட்டியோ எண்டு மட்டும்தான்." அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. நான்தான் அழுதேன்.

கொம்பனிக்குச் சம்பளத்தில் இருந்து கட்ட வேண்டும். இன்னும் ஒன்றரை வருசம் அங்கேதான் என்றார். காப்புறுதி இல்லாத மனுசனை அங்கே விட்டுவிட்டு இங்கே நான். 

மார்ச் 6, வியாழன்

கமலாம்பிகை அக்கா எடுத்தா. மியூனிக்காரர் வாற மாதம் வரப் போயினமாம். "துவாரகனுக்குக் கால் மட்டும்தானே பிள்ளை?"

"கால் மட்டுமில்லை அக்கா. அவருக்குச் சின்னனிலை இருந்து வலிப்பு. உங்களுக்கும் பொய்தான் சொன்னனான்."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "சரி பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்" என்றா. எடுக்க மாட்டா. லக்சிகாவை வீணாகப் பழித்தேன், கோயிலுக்குச் சொல்ல இத்தனை பேர் இருக்க.

மார்ச் 8, சனி

ஆதிரை வந்தாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சொன்னேன். "உன்ர சம்பந்தம் என்னாலை குழம்பிப்போச்சு. நான்தான் அக்காவுக்குச் சொன்னன்."

அவள் எழும்பிப் போய்த் தன் பையைக் கொண்டுவந்து, உள்ளே கிண்டி, ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். விற்றமின் போத்தல். லேபல் இல்லை. உரித்த இடத்தில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவளுக்குச் சுடுதண்ணியில் ஊற வைக்கத் தெரியவில்லை.

"எப்ப இருந்து?"

"ஒண்டரை வருசம்."

மூன்று தரம் வந்திருக்கிறது. முதல் தரம் மாணவர் விடுதிச் சமையலறையில். அறைத்தோழி நிருபமா என்ற சென்னைப் பிள்ளைதான் அம்புலன்ஸ் கூப்பிட்டது. மூன்றாவது தரம், அப்பா விழுந்த அதே கிழமை. அதுதான் அந்த வெளிறிய முகம், அதுதான் கார் பழகுவதை விட்டதும்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை? நான் தாதியெல்லே?"

"அப்பான்ரையைச் சொன்னனீங்களே?" என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். "ஆஸ்பத்திரியிலை கேட்டவை, வீட்டிலை ஆருக்கும் இருக்கோ எண்டு. 2014இலை பாத்தது ஞாபகம் வந்தது. நைன் எண்டிட்டன். சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன்."

மாமி எனக்குச் சொன்னா. நான் இவளுக்கு ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே படித்துவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

லீவு எடுத்துக்கொண்டு ஆஹென் போனேன். நரம்பு வைத்தியரிடம் தெர்மின். காத்திருக்கும் அறையில் படிவம் தந்தார்கள். குடும்பத்தில் இந்த நோய் உண்டா என்ற கேள்விக்கு ஆதிரை பேனாவை என்னிடம் நீட்டினாள். "யா" என்று போட்டேன். யாருக்கு என்று கேட்டிருந்த இடத்தில் தகப்பன், துவாரகன், சிறுவயது முதல் என்று எழுதினேன். 

வைத்தியர் மாத்திரையை மாற்றி அளவைக் கூட்டியிருக்கிறார். தகப்பன் பற்றி முதலே தெரிந்திருந்தால் அப்போதே இதைத் தந்திருப்பேன் என்றார். மூன்றாவது தரம் வராமலே விட்டிருக்கலாம். 

அவளுடைய அறையில் நிருபமா தேத்தண்ணி போட்டுத் தந்தாள். புது மாத்திரைகளை ஆதிரை பழைய போத்தலில் கொட்டப் போனாள். பழக்கம். கையைப் பிடித்து நிறுத்தி, மருந்துக்கடைப் பெட்டியை அப்படியே மேசையில் வைக்கச் சொன்னேன். வேலையிடத்து ஒட்டுத்தாள் என் பையில் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்து ஆதிரை துவாரகன், காலை எட்டு, இரவு எட்டு என்று எழுதி, பெட்டியின் முன்பக்கத்தில் நிருபமாவுக்கும் தெரியும்படி ஒட்டினேன்.