அடைப்புக்குறிக்குள் சில வசனங்கள்

பிப்ரவரி 6

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போனது. ஆனால் நான் பூசி மெழுகினால் நீ இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். டீச்சருக்கு உடம்பு சரியில்லை. (பெண்டாட்டியை டீச்சர் என்று எழுதுகிறானே என்று சிரிக்காதே. சபையே அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டினவனுக்கும் அதுதான் வாயில் வருகிறது.)

மார்பில் ஒரு கட்டி. பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடிக்கட்டும் என்று என்னிடம்கூட மறைத்து வைத்திருந்தாளாம். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வேதத்தைத் திறந்தேன். விசுவாசிக்கிறவர்கள் கை வைத்தால் நோயாளி எழுந்துவிடுவான் என்று ஆண்டவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகிற இடம் கண்ணில் பட்டது. நான் தேடவில்லை அக்கா, அதுவாக வந்தது. ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். என் உள்ளங்கை சுட்டது. கட்டி இளகியிருக்கிற மாதிரி இருக்கிறது என்று மறுநாள் அவளே சொன்னாள். அறுவை வேண்டாம் என்று முடிவு செய்து, சபைக்கும் அறிவித்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். போதகர் வீட்டு அழுகை மதில் தாண்டிக் கேட்கும்.

உன் வேத மொழிபெயர்ப்பு வேலை எந்த மட்டில் இருக்கிறது? சுவிசேஷங்களுக்குள் நுழைந்ததிலிருந்து எங்களை மறந்தேபோனாய் என்று டீச்சருக்குக் குறை. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 15

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக மொழிபெயர்ப்புக் குழுவில் நாங்கள் நாலு பேரும் காலை முழுக்கச் சண்டை போட்டு, எபிரெயம் படித்தவர் என்பதால் நாங்கள் எபிரெயக்காரர் என்று கூப்பிடுகிறவர் தன் நாற்காலித் திண்டைத் தூக்கிக்கொண்டு மேஜையின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தார். அந்த நேரத்தில்தான் படித்தேன். அதன்பின் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். அந்த வினைச்சொல் யார் இஷ்டப்படி போனதோ தெரியாது.

தம்பி, ஜெபம் செய். யார் வேண்டாம் என்றது? அறுக்கவும் கொடு. டாக்டரின் கையும் ஆண்டவர் படைத்த கைதான் என்று நீயே எத்தனை வீடுகளில் போய்ச் சொல்லியிருக்கிறாய். மற்றவர்கள் வீட்டுக்கு ஒன்று, நம் வீட்டுக்கு ஒன்றா? ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதே.

டீச்சரைத் தனியாக வைத்து, பயமாக இருக்கிறதா என்று கேள். போதகராகக் கேட்காதே, புருஷனாகக் கேள். அறுவை என்று முடிவானால் நான் லீவு போட்டு வந்து சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். என் சமையலுக்குப் பயந்தாவது அவள் சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 20

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். இப்போதெல்லாம் வீட்டில் ஆள் ஓய்வதில்லை. கட்டி இளகிய சாட்சியைக் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்து டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவளும் சலிக்காமல் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள்.

ஒரு வசனம்தானே என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதா அது என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேதம் முழுக்கவும் தேவனுடைய மூச்சு. மூச்சில் நல்ல பாதி, கெட்ட பாதி என்று உண்டா? போன வாரம் ஒரு கைக்குழந்தையை அடக்கம் செய்தேன். அதன் தாய் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் சொந்தச் சரக்கு என்ன இருந்தது? எழுதியிருப்பதை வாசித்தேன். ஒரு வரியில் சந்தேகப்பட்டு, மறு வரியை அந்தக் குழிக்கு முன் நின்று என்னால் வாசிக்க முடியாது. அப்படி முடிகிறவர்கள் இருக்கலாம். நான் அந்த ரகம் இல்லை.

நீ சொன்னபடி டீச்சரைக் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "பயமா இருக்குன்னு சொன்னா என்ன செய்வீங்க? அத்தனை பேர் முன்னால சொன்னத திருப்பி வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு தைரியம் அவளுக்கு. எனக்கே வெட்கமாகிவிட்டது.

முதுகு மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்கிறாள். வருகிறவர்களுக்காக நாள் முழுக்க நின்றால் வலிக்காதா?

உன் தம்பி


ஜூலை 9

பிரியமுள்ள தம்பிக்கு,

நேற்று நீ வெளியே போயிருந்த நேரம் போன் செய்தேன். டீச்சர் எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்றதற்கு, "உக்காந்தா எழுந்திருக்க முடியல அக்கா. கட்டிக்கும் முதுகுக்கும் சம்பந்தம் இல்லன்னு அவர் சொல்றார். சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்க முடியாமல் என்னிடம் கேட்கிறாள்.

இனிச் சொல்லாமலிருக்க என்னால் முடியாது. நீ நிற்கிற அந்த வசனம் இருக்கிறதே, அந்தச் சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் கடைசிப் பகுதியே கிடையாது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி பிற்பாடு வந்தவர் யாரோ சேர்த்தது என்பதுதான் படித்தவர்களில் பெரும்பாலோர் கணிப்பு. எங்கள் புதிய மொழிபெயர்ப்பில் அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, கீழே குறிப்பு எழுதுவதென்று போன மாதம் முடிவானது. கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி.

நான் விசுவாசத்தை விட்டவள் அல்ல. வேதம் தேவன் அருளியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். எந்த எழுத்தோடு அவர் மூச்சு நின்றது, எந்த எழுத்திலிருந்து மனுஷனுடைய மூச்சு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாமலே ஜெபிக்கப் பழகிவிட்டேன். நீ அப்படிப் பழகியவன் இல்லை, அதுதான் இத்தனை நாள் என் வாயைக் கட்டியது.

ஆனால் டீச்சருடைய உயிரை அந்த வரியில் தொங்கவிடாதே. நாளைக்கே ரயிலேற்றி இங்கே கூட்டி வா. எங்கள் சபையில் இருக்கிற டாக்டர் ஒருவரிடம் பேசிவிட்டேன். உன் சபையார் கேட்டால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறோம் என்று சொல். அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவள் உடம்பைப் பற்றியது, மறைக்க நான் யார்?

துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள், கையிலிருந்த சட்டையையும் மடித்து வைத்தாள். பிறகு, "அப்போ அத ஆண்டவர் சொல்லலையா?" என்றாள். தெரியாது என்றேன். வேதத்தைப் பற்றி யார் கேட்ட கேள்விக்கும் நான் அதுவரை அப்படிப் பதில் சொன்னதில்லை.

"யார் சொன்னதுன்னே தெரியாத வார்த்தைக்கா நான் இவ்ளோ நாள் வலிய பொறுத்துக்கிட்டு இருந்தேன்?"

மறுநாள் காலை நான் எழும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவைப் பிடித்தபடி நின்றாள். உன் ஊர்வரைக்கும் உட்கார்ந்து வர அவளால் ஆகாது. இங்கே, முதலில் பார்த்த அதே டாக்டரம்மாவிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இனி அறுத்து ஒன்றும் ஆவதற்கில்லை, வலிக்கு மட்டும் மருந்து தருகிறேன் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மேஜையில் முடிவானது ஜூன் மாதமாக இருக்கலாம். அந்த வசனத்தின் சங்கதி, என் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே உனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், ஆனால் அவள் அன்றைக்கே செருப்பை மாட்டியிருப்பாள். இல்லை, சொல்லவே போவதில்லை என்றால் கடைசிவரை சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நிம்மதியாகப் போயிருப்பாள். நடுவில் ஏன் சொன்னாய்? இப்போது அவளுக்கு உயிரும் இல்லை, வார்த்தையும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். யாராவது ஜெபிக்க வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்கிறாள்.

தம்பி


செப்டம்பர் 5

பிரியமுள்ள தம்பிக்கு,

பிப்ரவரியிலேயே அந்த வசனத்தைப் பற்றி எழுதினேன், எழுதிக் கிழித்துப் போட்டேன். போதகரான தம்பியின் விசுவாசத்தைக் கெடுத்தவள் என்று ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். அவள் செத்துப்போவாள் என்று அதே அளவுக்குப் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. ஏதோ வழி பிறக்கும் என்று இருந்துவிட்டேன். நீ அதைத்தான் விசுவாசம் என்றாய், நான் சோம்பல் என்கிறேன்.

நான் அங்கே வரட்டுமா? அவளைத் துடைத்துவிட, துணி மாற்ற, புரட்டிப் படுக்கவைக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும். வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வா என்று ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


நவம்பர் 18

அக்கா,

டீச்சர் போய்விட்டாள். அடக்கமும் ஆகிவிட்டது. உனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

போவதற்குச் சில நாள் முன்பு, மத்தியானம், மருந்தின் மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாள். எது என்று கேட்கவில்லை. வாசித்தேன். பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"மேல வாசிங்க" என்றாள்.

அதற்கு மேல் பழைய பிரதிகளில் இல்லை என்றேன். சாகப்போகிறவளிடம் அதைத்தான் சொன்னேன்.

"தெரியும். இருக்கட்டும். எனக்காக வாசிங்க."

முடியவில்லை அக்கா. வீம்பு இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. மாதக்கணக்காகப் பிரசங்க மேடையில் நின்று நான் முழங்கிய அதே வரிகள். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, பேசுகிறவர் யாரென்று தெரியவில்லை. யாரோ ஒருவருடைய குரலில் அவளோடு எப்படிப் பேசுவேன்? உதட்டை அசைத்துப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. சும்மாவேனும் வாசித்திருக்கலாம். அவள் கேட்டது வேதத்தையா, என் குரலையா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

அடக்கத்தைப் பக்கத்துச் சபைப் போதகர் நடத்தினார். நல்ல மனிதர், தடங்கலில்லாமல் வாசித்தார். நான் ஊழியத்தை விட்டுவிட்டேன். சபை மூப்பர்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓய்வு எடுத்துத் திரும்பி வருகிற இடமாக எனக்கு அது தெரியவில்லை. டீச்சரின் அண்ணன் மரக்கடையில் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். மேலே ஒரு அறை இருக்கிறதாம். இந்த வாரம் வீட்டைக் காலி செய்கிறேன். அவளுடைய புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாயிற்று. என்னுடையவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை, புதிதாக வருகிற போதகருக்கு விட்டுவிட்டுப் போகிறேன்.

அந்த விலாசத்தை இதில் எழுதவில்லை. உன்னைத் தண்டிக்க இல்லை. செப்டம்பரில் நீ எழுதியதை எத்தனையோ தடவை வாசித்தேன். நீ அழுதுகொண்டேதான் எழுதியிருப்பாய், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியிலும், இதில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள், எது பிறகு சேர்த்தது என்றே என் கண் தேடுகிறது. கூடப் பிறந்தவளின் கடிதத்தை அப்படி வாசிக்கக் கூடாது. எனக்கோ வேறு மாதிரி வாசிக்க இனி வரப்போவதில்லை.

அதனால் எழுதாதே.

தம்பி