ஏணியின் மூன்றாம் படி

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனிக் கொடியேற்றத்தில், "நாட்டுக்காக உயிரையே கொடுப்பேன்" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். அடுத்த நிமிடமே கொடி பாதிக் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஏணியில் ஏறினேன்.

சேஃப்டி ஆபீசர் ஓடிவந்தார். "பெல்ட் எங்கய்யா? உயிரைக் குடுக்கறதுன்னா கேட்டுக்கு வெளிய போய்க் குடு. உள்ள விழுந்தா, விபத்தில்லாத நாள் போர்டை மறுபடி சைபர்ல இருந்து எழுதணும்!"

ஏணியைப் பிடித்திருந்த வெல்டர் முனிராஜு கிசுகிசுத்தான். "அண்ணா, உயிரை அப்புறம் விடலாம். மொதல்ல கம்பத்தை விடுங்க."

மூன்றாம் படியில்தான் நின்றிருந்தேன்.

மத்திகிரியில் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "அந்த சேஃப்டி ஆபீசர் தடுக்கலைன்னா உச்சிவரைக்கும் போயிருப்பேன்" என்றேன். நம்பிவிட்டாள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டில்தான் முனிராஜு குடியிருக்கிறான்.