தண்ணீரை எதிர்கொண்டு போன புதன்கிழமை

சிஸ்டர்,

இன்று பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது என் பெண்ணின் பழைய பச்சைச் சுடிதார் கால்சட்டை கையில் வந்தது. வலது கால் விளிம்பில் அந்தக் கறை அப்படியே இருக்கிறது. சைக்கிள் சங்கிலியின் மசகு. சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மண்ணெண்ணெயில்கூட ஊற வைத்தேன், போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகும் லேசாக எண்ணெய் வாசம். துடைத்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் போட்டிருந்த அந்தக் கால்சட்டை சங்கிலியில் மாட்டிய அன்றுதான் நீங்கள் என்னை முதன்முதலாக 'நீ' என்று கூப்பிட்டீர்கள். "ஏய், கால ஆட்டாத, அப்படியே நில்லு!" என்று கத்தினீர்கள். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்ட கிராம நர்ஸ் நீங்கள். முப்பது வருஷமாக எங்கள் தெருவுக்கு வந்து போனவர். ஒருநாளும் 'வாங்க, போங்க' தாண்டி ஒரு வார்த்தை வந்ததில்லை. நானும் வாசலில் நிறுத்தித்தான் பேசியிருக்கிறேன். உங்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு என்று இருந்துவிட்டோம். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அன்றைக்குக் கருங்கல் ஜல்லியில் மண்டியிட்டு என் காலை விடுவித்துவிட்டு, "ரெண்டு பிள்ளை பெத்தப்பகூட நீ இவ்வளவு கத்தலையேம்மா" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் பனைமரத்துக் கிளிகள் பறந்தன.

அந்த சைக்கிள்கள் நமக்கு வந்ததே வேடிக்கை. சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் மகள், ஓய்வு பெற்ற அம்மா சும்மா இருக்கக்கூடாதென்று பருத்த டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்றை அனுப்பினாள். என் பையன் வெளிநாடு போனபோது விட்டுப்போன அதே மாதிரி சைக்கிள் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றது. "இது மலை ஏறுற சைக்கிளாம். நம்ம ஊர்ல ஏறணும்னா கோயில் குளத்துப் படிதான் இருக்கு" என்றீர்கள். பிறகு கண்டுபிடித்தீர்கள், நமக்கும் ஒரு மலை உண்டென்று. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போன பழைய ரயில் மேடு. வயலைவிட ஓர் ஆள் உயரம். அதுதான் நம் மலை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்தது. கியர் மாற்றுவதையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எந்த எண்ணில் போட்டால் முட்டி வலிக்கவில்லை என்று தினம் நோட்டில் எழுதி வைத்தேன். சுடிதார் போட்டுக்கொண்டு முதல் நாள் டீக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒருவன், "என்ன பெரியம்மா, காலேஜுக்கு லேட்டாயிடுச்சா?" என்றான். எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தீர்கள். "உனக்கு அம்மை ஊசி போட்ட கை இது. பூஸ்டர் ஒண்ணு பாக்கியிருக்கு, சட்டையக் கழட்டு." கடையே சிரித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேட்டின் மேல் போனால் ஊரே வேறாகத் தெரியும். பஸ் சத்தம் கிடையாது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் நேர்கோடு. கல்வெர்ட்டு என்கிற சின்னப் பாலங்களில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண்கள் மங்கிக் கிடக்கும். ஒவ்வொரு மிதிக்கும் நான் 'சிவாயநம' சொல்வேன். நீங்கள் உங்கள் நாடியை எண்ணுவீர்கள். ஒருநாள் நான் கேட்டேன், "எல்லாம் சமமாத்தானே இருக்கு, அப்புறம் தண்ணி எப்படிங்க சிஸ்டர் கிழக்க மட்டும் போவுது?" நீங்கள் ஒரு கல்வெர்ட்டில் இறங்கிக் கீழே பார்த்தீர்கள். "சமமில்ல. காலுக்குத் தெரியல, தண்ணிக்குத் தெரியுது." அன்று வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் பூமியை ஒரு நூலளவு சாய்த்து வைத்த கை எது? நகம் அளவு கூடியிருந்தால் எல்லாம் ஓடிப்போயிருக்கும், குறைந்திருந்தால் தேங்கிப்போயிருக்கும். நாற்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன். அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

அந்த ஆடியில் உங்கள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. வியாழக்கிழமை தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், சனிக்கிழமை ஆபரேஷன். நீங்கள் அழவில்லை. நர்ஸ் அல்லவா, எல்லாம் தெரியும். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "தண்ணி என்னைக்கும்மா வரும்?"

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாகத்தான் திறந்தார்கள். கடைமடையில் நம் வாய்க்காலுக்கு எந்த வருஷம் எந்த நாளில் தண்ணீர் வந்தது என்று கல்யாணமான நாள் முதல் எழுதி வைத்திருக்கிறேன். மேலே திறந்த நாளை வைத்துக் கணக்குப் போட்டேன். சொல்லவே மனசு வரவில்லை. "வெள்ளிக்கிழமைங்க சிஸ்டர்."

"ஒரு நாள் பிந்திப்போச்சே" என்றீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு நீங்கள் வாங்கிய மூன்று மா நிலத்துக்கு அதுதான் முதல் தண்ணீர். உங்கள் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலுக்கு மடை திறந்துவிட்டவர். "என் பேர்ல இருக்கிற மண்ணு நனையறத ஒருதடவை பாத்துட்டா போதும்" என்றீர்கள். பிறகு நீங்களே, "அது இங்க வராட்டி என்ன? நாம எதிர போவோம்" என்றீர்கள்.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "உடம்பு முடியாத மனுசியக் கூட்டிக்கிட்டு எங்க போற?" என்று என்னைத்தான் திட்டினார். நீங்கள், "நான்தாங்க இவங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றீர்கள். மேல்காற்று முகத்தில் அடித்தது. வாய்க்கால் நம் இடப்பக்கம் வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு கல்வெர்ட்டாக எட்டிப் பார்த்தோம். செருப்பு, பாட்டில், காய்ந்த ஆகாயத்தாமரை. கூரையில்லாத பழைய ஸ்டேஷனில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் வரலீங்களே, மேல ரெண்டு ஊர் தள்ளி நிக்குதுன்னு போன்ல சொன்னாங்க" என்றார். நீங்கள் அங்கே இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். முகம் வெளுத்திருந்தது.

"போதுங்க சிஸ்டர், திரும்பிடலாம்."

"இன்னும் ரெண்டு கல்வெர்ட்டு."

"நாளைக்கு ஆஸ்பத்திரி..."

"நாளைக்கு அவங்க பாத்துப்பாங்க. இன்னைக்கு நான் பாக்குறேன்."

இரண்டு கல்வெர்ட்டையும் தாண்டினோம். தண்ணீர் இல்லை. நீங்கள் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கோபத்தில் வாய்க்காலைப் பார்த்து மனசுக்குள் சண்டை போட்டேன். சாமியிடம் அப்படிப் பேசியதே இல்லை. அப்போதுதான் கால் பக்கத்தில் எறும்புகளைக் கண்டேன். வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள்ளிருந்து மேட்டுக்கு ஏறின, வரிசை வரிசையாக. தலையைத் தூக்கினேன். மேற்கே வாய்க்காலுக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்து வந்தது. கொக்குகள். நூற்றுக்கு மேல் இருக்கும். நடுவில் மைனாக்கள். அத்தனையும் நம்மை நோக்கி நடந்து வந்தன.

"அதுங்க ஏன் நடந்து வருது?" என்று கேட்டேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "பின்னால யார் வர்றாங்கன்னு பாரு."

கொக்குகளின் காலடியில் தண்ணீர் வந்தது. வெள்ளமாக இல்லை. பழுப்பு நிறத்தில், சருகும் நுரையும் சுமந்து, நாக்கை நீட்டி ஒவ்வொரு வெடிப்பாக நக்கிக்கொண்டு வந்தது. ஒரு வெடிப்பில் இறங்கும், உள்ளே புஸ்ஸென்று சத்தம் கேட்கும், குமிழி வரும், நிரம்பும், பிறகுதான் அடுத்த அடி. புழு பூச்சிகள் வெளியே ஓட, பறவைகள் பொறுக்கின. உற்சவர் புறப்பாட்டில் முன்னால் கொடியும் குடையும் வர, சுவாமி அசைந்து வருவாரே, அப்படி வந்தது. நான் கைகூப்பினேன். வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை. புதுத் தண்ணீருக்குப் போடப் பையில் கொண்டுவந்த பூவையும் நெல்லையும் உங்கள் கையில் கொடுத்தேன். "நீங்க போடுங்க."

"இது நாங்க போட்டதில்லம்மா. எங்கப்பா மம்பட்டியோட தள்ளித்தான் நிப்பாரு."

"இன்னைக்குப் போடுங்க சிஸ்டர்."

நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு நேர் எதிரே நின்றீர்கள். கொக்குகள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டன. தண்ணீர் உங்கள் கட்டைவிரலைத் தொட்டு, கணுக்காலைச் சுற்றியபின் குனிந்து பூவை விட்டீர்கள். வீசவில்லை, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் விட்டீர்கள்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் தண்ணீரின் கூடவே நடந்தோம். அவ்வளவு மெதுவாக மிதித்தால் சைக்கிள் விழுந்துவிடும். அதன் வேகத்தில் உங்கள் வயலுக்கு வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று இருவருக்கும் தெரிந்தது. ஒரு வளைவில் நீங்கள் நின்று, "சரி, நீ வா. நான் முன்னால போறேன்" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு ஏறி மிதித்தீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. உங்கள் மடையை நானே வெட்டிவிட்டேன். மம்பட்டி பிடித்து எனக்குப் பழக்கமில்லை, கை கொப்பளித்தது. ஆஸ்பத்திரியில் இருந்த உங்களுக்குப் போன் போட்டு, அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்து, "கேக்குதுங்களா?" என்று கேட்டேன். அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டீர்கள், "எந்த மூலையில இன்னும் ஏறல?"

"தென்கிழக்குல ஏறலைங்க."

"அப்ப அங்க மேடு. அறுப்பு முடிஞ்சதும் வெட்டி எடுத்து பள்ளத்துல போடணும். மறந்துடாத."

அதுதான் என்னிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது. ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை.

அந்தத் தை மாதம் உங்கள் மகள் லீவு போட்டு வந்தாள். வயலை விற்கத்தான் வந்தாள். நான் அந்த மூலையைக் காட்டினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணை வெட்டினாள். நான் கூடையில் அள்ளிக் கொட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. விற்கும் பேச்சு அதோடு நின்றது. இப்போது பயிர் வைப்பது நான்தான்.

இந்த வருஷம் தண்ணீர் விட்டபோது வரப்பில் நின்று பார்த்தேன். நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறி வானம் தெரிந்தது, சிஸ்டர்.