எடுக்கக் கூடாத போன்

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருப்பேன். நீங்கள் தலையைத் தூக்காமலே, "எனக்கும் அதே டவுட்டுதாம்மா" என்றிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தை சொல்ல இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லை. உங்கள் பிள்ளையைச் சந்தேகப்பட எனக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

அவர் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போயிருக்கிறார். ஆமாம், அதே டூர்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து அவரும் ஏழுமலையும் பாபுவும் பேசிப் பேசியே தேய்த்த டூர். "என் பொணத்த தாண்டித்தான் போவணும்" என்று நீங்கள் தடுத்து வைத்திருந்தீர்களே, அது. நீங்கள் போய் வருஷம் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டார். நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கிறது என்று எழுதக் கை கூசுகிறது.

அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் காலாண்டு லீவு விட்டதும், அவரும் பக்கத்து வீட்டு ஏழுமலையும் புறப்பட்டார்கள். ஜரிகைக் கடையில் ஏழுமலைக்கு லீவு கிடைத்ததே பெரிய அதிசயம். பாபு போக முடியாது. சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன கால். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்துவதுதான் உங்களுக்குத் தெரியுமே. விடியற்காலையில் வந்து, இரண்டு சைக்கிளின் டயரையும் அமுக்கிப் பார்த்து வழியனுப்பிவிட்டுப் போனார்.

கிளம்பும்போது உங்கள் பிள்ளை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெனம் ஏழு மணிக்கு ரெண்டு ரிங் குடுத்துட்டு கட் பண்ணிடுவேன். நல்லா இருக்கறேன்னு அர்த்தம். நீ எடுக்காத. எடுத்தா சார்ஜ் ஓடும்."

ஊரெல்லாம் செய்கிற காரியம்தான். என் தம்பிகூட சென்னை போய் இறங்கினால் ஒரு ரிங் விட்டுத்தான் கட் பண்ணுகிறான். ஆனாலும் நீங்களே சொல்லுங்கள். எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போன ஒரு போனை எந்தப் பெண்ணால் நம்ப முடியும்?

முதல் சில நாள் அந்த இரண்டு ரிங்கை வைத்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தேன். ஐந்து மணிக்கே பையனுக்கு முகம் கழுவி, போன் இருக்கிற முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். லாரி ஓடுகிற ரோடு, இருட்டு, நாய், சூடு. காலையிலிருந்து மனசுக்குள் அவரை எத்தனை விதமாகக் கீழே தள்ளியிருப்பேன் என்று சொன்னால் நீங்களே திட்டுவீர்கள். டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொல்லும்போது போன் அடிக்கும். இரண்டு தடவை. அப்புறம்தான் எனக்குப் பசிக்கும்.

பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்தால் கெட்டது என்பீர்கள்.

கல்யாணமான நாளாகச் சொன்ன நேரத்துக்குச் சாப்பாட்டுக்கு வராத மனிதர். விழுப்புரத்திலும் ஏழு மணி, திருச்சியிலும் ஏழு மணியா? எதிர்க்காற்றே இல்லையா? பஞ்சரே ஆகாதா? அது மட்டுமில்லை. எங்கள் வீட்டு மணி ஓய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை மனைவி செல்வி வீட்டு மணி அடிக்கும். தினமும் எங்கள் வீடு முதலில், ஏழுமலை வீடு அடுத்தது. ஒருநாளாவது ஏழுமலை முந்திக்கொள்ள மாட்டாரா?

செல்வியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே பூத்துல நின்னுக்கினு பண்றாங்கக்கா. உங்க மாமியார் போவும்போது அவங்க வேலைய உங்க கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

நானும் சிரித்தேன். ஆனால் சந்தேகம் சிரிப்போடு போய்விடுகிறதா என்ன?

சனிக்கிழமையன்று, முதல் மணி முழுசாக அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் பின்னால் ஒரு குரல் கேட்டது. "தாமல், ஓச்சேரி, வாலாஜா... ஏறும்மா, கூடைய மேல போடு." கட் ஆகிவிட்டது.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தவிர, தெற்கே எந்த ஊரில் தாமலுக்குப் பஸ் ஏற்றுகிறார்கள்? இவர் ஊரைவிட்டே போகவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் எங்கே? தாமலில் ஏரியைத் தவிர என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்? சைக்கிளுக்குப் புது சீட் கவர் போட்டபோதே கேட்டிருக்க வேண்டும். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

தாமல் பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

"எங்கம்மா போவணும்?" என்றார் கண்டக்டர்.

"ஆள் தேடறேன்."

"கெடச்சா ரெண்டு டிக்கெட்டா வாங்கிக்கம்மா."

இறங்கும்போது அதே கண்டக்டர் படியில் நின்று மறுபடி கத்தினார். தாமல், ஓச்சேரி, வாலாஜா. அந்தக் குரல் நேராகப் போய் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். எதிரே பாபுவின் பூத், கதவு திறந்தபடி. பாபு என்னைப் பார்த்துவிட்டார். கட்டையை ஊன்றி எழுந்து நின்றார்.

"அண்ணி, கொழந்தைய இட்டுக்கினு இந்நேரத்துல..."

"எங்க வீட்டுக்கு ரிங் குடுத்தது நீங்களா பாபு?"

அவர் மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். தினமும் சாயங்காலம் அவர்கள் இருக்கிற ஊரிலிருந்து பாபுவுக்கு ஒரு போன் வரும். ஏழு மணிக்கு பாபு இரண்டு வீட்டுக்கும் இரண்டிரண்டு ரிங் கொடுப்பார். இதுதான் ஏற்பாடாம்.

"வெறும் ரிங் உட்டு கட் பண்றதுக்கு எந்த பூத்காரன் அண்ணி உடுவான்? லைன மறிச்சிக்கினு நிக்கறான்னு திட்டுவான், நானே திட்டுவேன். அதான் என்கிட்ட மட்டும் பேசறது. அவங்க ஓட்றாங்க, நான் ரிங் குடுக்கறேன். நானும் டூர்லதான் இருக்கறேன்னு வெச்சுக்கங்களேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது. பூத் சுவரில் ஒரு தமிழ்நாடு படம் ஒட்டி, ஊர் ஊராகப் பேனாவால் கோடு இழுத்திருந்தார். என் கோபம் இறங்கிவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம்.

ஆனால் உங்கள் வீட்டில் குப்பை கொட்டியவள் நான். "நல்லா இருக்கறேன்னு எவன் வோணா சொல்லுவான். இன்னா சாப்ட்டேன்னு கேளு. பொய் சொல்றவன் வாய் அங்கதான் குழறும்." நீங்கள்தானே சொல்வீர்கள்?

"சரி, இன்னிக்கு என்ன சாப்பிட்டாராம்?"

"சாத்தூர்ல முட்டை பரோட்டா. ஆளுக்கு மூணு உள்ள தள்ளிட்டாங்களாம் அண்ணி."

"பாபு, இன்னிக்கு புரட்டாசி சனிக்கிழமை."

பாபு திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். ஹாஸ்டலில் இருந்தபோதும் உங்கள் பிள்ளை உடைக்காத விரதம். ஒரு நிமிஷம் எனக்கு இரண்டு சந்தேகமும் சேர்ந்து வந்தது. இவர் பொய் சொல்கிறாரா, இல்லை அவர் நிஜமாகவே முட்டை பரோட்டா சாப்பிட்டாரா? இரண்டாவதாக இருந்தால் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன் அத்தை. பெருமாள் மன்னிக்கட்டும்.

பாபு மெதுவாகச் சொன்னார். "வியாழக்கிழமைக்கு அப்புறம் போன் வரல அண்ணி."

"அப்போ நேத்து அடிச்ச ரிங்?"

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான்..."

"இன்னிக்கு?"

பாபு மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முந்தின நாள் அந்த மணி அடித்த பிறகுதான் நான் பையனுக்குப் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டினேன். அப்பா நல்லா இருக்காருடா என்று அவன் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் தெரியாத ஒரு நேரத்தில் நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று பிறகு யோசித்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் உங்களிடம் கேஸ் ட்ரபிள் என்றுதானே சொன்னார்கள்? உங்கள் பிள்ளையும்தான். ஒருநாள் நானும் நீங்களும் மட்டும் இருந்தபோது கேட்டீர்கள். "நீ படிச்ச பொண்ணு. ரிப்போர்ட்டுல இன்னா எழுதியிருக்குதுன்னு நீயாவது சொல்லு." சொன்னேன். நீங்கள் அழவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டீர்கள். பிறகு, "அப்ப பீரோவுல இருக்கற அரக்கு பட்டுப் பொடவைய நீ எடுத்து வெச்சுக்க. என் தங்கச்சிங்க வர்றதுக்குள்ள" என்றீர்கள். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

பாபுவைத் திட்ட வாய் வரவில்லை. "இனிமே போன் வந்தா மட்டும் ரிங் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்வியிடமும் சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "எனக்கு அந்த ரிங்கே போதும்னு இருந்தேனேக்கா. ஏன் போய்க் கெளறுனீங்க?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான் என்று இப்போதும் தோன்றுகிறது. தெரியாமல் நிம்மதியாக இருப்பது பெரிய குற்றமா? உங்களைக் கேட்டால் ஆமாம் என்பீர்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பூத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பையன் பாபுவின் கட்டையை எடுத்துச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். யார் யாரோ வந்து, துபாய்க்கும் பெங்களூருக்கும் பேசிவிட்டுப் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. பாபு ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது நான். நானே எடுத்தேன்.

"டேய், நான்தான்டா." அவர் குரல்தான், ஆனால் கம்மியிருந்தது. "வீட்ல ரிங் குடுத்துக்கினுதானே இருக்க? ரெண்டு நாளா நெருப்பா காய்ஞ்சிதுடா. ஒரு தோட்டத்து மோட்டார் ரூம்ல படுத்துக்கினு இருந்தேன். ஏழுமலை என்னை உட்டு நகரல, அதான் போன் பண்ண முடியல. இன்னிக்குத்தான் ஊசி போட்டுக்கினு எழுந்து வந்தேன். கல்பனாகிட்ட மூச்சு உடாத. தாங்கமாட்டா. ரிங் மட்டும் குடுத்துடு."

அத்தை, உங்கள் பிள்ளை பூசி மெழுகாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்பது நான் என்று தெரியாததால் பேசினார்.

"டாக்டர் என்ன காய்ச்சல்னு சொன்னார்?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போனது. "யாரு?"

"கல்பனா."

"பாபு எங்க?"

"சில்லறை குடுத்துக்கிட்டு இருக்கார்."

அவர் இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன். அங்கே மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"சாதா காய்ச்சல்தான்னாரு. ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"பண்ணுங்க."

"சரி."

"ஏழுமலை எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "நெஜமாவே நல்லா இருக்கான்" என்றார். பிறகு, "திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கிளம்பிய நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்ட வார்த்தை அதுதான். வாங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் என்னிடம் கேட்கிறாரே, கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று இருந்தது. உங்களிடம் அவர் எப்போதாவது இப்படிக் கேட்டிருக்கிறாரா? சில்லறை வாங்கியவர் போய்விட்டார். பாபு என் பக்கம் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு நாள் படுங்க. டாக்டர் ஓட்டலாம்னா ஓட்டுங்க. வேணாம்னா சைக்கிளை பஸ் மேல போட்டுக்கிட்டு வாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் போகத்தான் சொல்றேன். ஆனா இனிமே ரிங் வேணாம். பேச முடிஞ்சா பேசுங்க. முடியலைன்னா சும்மா இருங்க. நான் பயந்துக்கறேன். அது என் பாடு."

நேற்று திங்கட்கிழமை. ஏழு மணி வந்து, போயிற்று. போன் அடிக்கவில்லை. படுத்திருக்கிறாரா, பிடிவாதமாக மிதித்துக்கொண்டிருக்கிறாரா? டெஸ்ட் எடுத்தாரா? சாதா காய்ச்சல் என்று டாக்டர் சொன்னாரா, அவராகச் சொல்லிக்கொண்டாரா? செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "எதுனா தெரிஞ்சுதாக்கா?" என்றாள். "இல்ல" என்றேன். அவள் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பையனை மடியில் வாங்கிக்கொண்டாள்.

அவன் எப்படிம்மா இருக்கான் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெரியவில்லை அத்தை. இன்றைக்கு என்னிடம் இருக்கிற உண்மை இவ்வளவுதான். உங்கள் வருஷ திதிக்குள் வந்துவிடுவார். அன்று இலை போட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் அவரை உட்காரவைப்பேன். இளைத்துப்போய் வந்தால் இளைத்துப்போயிருக்கிறார் என்றே உங்களிடம் சொல்வேன். வேறு மாதிரி சொல்ல மாட்டேன்.

உங்கள் மருமகள்,
கல்பனா