கடைசி இழை

சிவமயம்

நெற்குப்பை,
மார்கழி

அன்பு மகள் கிருத்திகாவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, உனக்கும் அந்த ஊர்க் குளிர் பழகியிருக்க வேண்டும். போனில் உன் அப்பச்சி பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். தேர்தல் சண்டையில் பெற்ற தகப்பன் நம்பரை நீ பிளாக் செய்தாய், அதே தேர்தலில் அவர் தன் அண்ணனோடு, உன் பெரியப்பச்சியோடு, பேச்சை நிறுத்தினார். நீயும் பெரியப்பச்சியும் ஒரு கட்சி, அவர் ஒரு கட்சி. நான் ஓட்டுப் போட்டதோடு சரி.

போன வாரம் பிள்ளையார் நோன்பு. வீட்டில் மூத்தவர் பெரியப்பச்சி, அவர்தான் மாவு உருண்டையில் நூல் திரியை ஏற்றி ஒவ்வொருவருக்கும் இழை தர வேண்டும், நாம் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அவுக கையால வாங்க மாட்டேன், தனியா ஏத்திக்கிறேன் என்று அப்பச்சி காலையிலேயே சொல்லிவிட்டார். இந்த வருஷம் வாங்காவிட்டால் இனி ஒரே வீட்டுக்குள் இரண்டு நோன்புதான். தன் கட்சிக்காரனுக்கு ஊசி குத்தினால் பார்க்கிறவன் மூளையிலும் வலி மெஷினில் தெரிகிறது, மற்றக் கட்சிக்காரன் என்றால் மங்கிவிடுகிறது, ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை என்று உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. சரி, மெஷின் இல்லாமல் நாமே பார்ப்போம் என்று அப்பச்சியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பச்சி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசி இழையை ஏற்றி அப்பச்சி பக்கம் நீட்டினார். இவர் அசையவில்லை, அவரும் கையை இறக்கவில்லை, பிடிவாதத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா. நெய் உருகிச் சுடர் விரலுக்கு இறங்கியது. சுட்டது அண்ணனுக்கு, வெடுக்கென்று விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது தம்பி. உடனே, சுடுதுல்லண்ணே, கொண்டாங்க என்று அதட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

சமாதானம் என்று நினைத்துவிடாதே. மறுநாள் பேப்பரைப் பிரித்ததும் அண்ணன் கட்சிக்குப் பழைய வசவுதான். ஆனால் அண்ணன் விரல் கொப்புளத்துக்கு அப்பச்சியே களிம்பு வாங்கி வந்து, நீ வாங்கினதாகக் கொடு என்று என்னிடம் நீட்டினார். அப்படியே கொடுத்தேன், பெரியப்பச்சியும் நம்பியதுபோல் வாங்கிக்கொண்டார்.

நோன்பன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பச்சி, அவளுக்கு அங்குட்டு இழை யாரு குடுத்தாகளாம் என்று கேட்டார். தெரியாது என்றேன். நீ மாவுக்கு அலைந்து, அறையில் தனியாக ஏற்றிக்கொண்டு அழுததை என்னிடம் சொல்லியிருந்தாய்தான். ஆனால் கேட்டவர் அவர், பதிலை நீ சொல்.

பிள்ளையார் உன் பக்கமே இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டு, வேலையைச் சாக்கு வைத்துப் பட்டினி கிடக்காதே. அப்பச்சி நம்பர் மாறவில்லை.

உன் ஆத்தா,
மெய்யம்மை