கையெழுத்தில்லாத ஆட்டத்தாள்

என்னங்க,

ஆட்டம் முடிந்ததும் கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். நான் பரிசு வாங்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வருவேன். வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறது. அதனால், நான் வந்து கொடுக்கும் இந்தக் கடிதத்தை வாசல்படியில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள்.

பதினோரு வருடமாக, செஸ் போட்டிகளில் நாம் மோதினால் டிராதான். டிராவில் ஆளுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளியே போதும், முன்னணியில் இருக்கும் உங்களுக்குக் கோப்பை போகும். இன்று நான் டிராவுக்கு இடம் தராமல் மோதும் சிசிலியன் தற்காப்பை எடுத்ததும், "எதுக்கு வம்பு? வழக்கம்போல முடிச்சுக்கலாம்" என்று முணுமுணுத்தீர்கள். நான் மதிப்பு கூடிய யானையைக் கொடுத்து உங்கள் குதிரையை வெட்டினேன். சிரித்தீர்கள். அடுத்த எட்டு நகர்த்தலில் உங்கள் ராஜாவுக்கு ஒண்ட இடமில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஆறு மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படித்த ஆட்டம் அது. "இவ்வளவு நேரமா குளிப்பே?" என்று கதவைத் தட்டியது நீங்கள்தான்.

நகர்த்தல்களையும் முடிவையும் எழுதும் ஆட்டத்தாளில் தோற்றவரும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் போடாமலே எழுந்துவிட்டீர்கள். தாளும் பேனாவும் இத்துடன் இருக்கின்றன.

போட்டால்தான் கதவு திறக்கும்.

இப்படிக்கு,
கறுப்புக் காய் ஆடிய உங்கள் மனைவி