நீங்கள் சொல்லாமல் போன பகல்கள்

நேற்று சாயங்காலம் மகள் நகப்பூச்சை அழிக்கப் பஞ்சில் எதையோ நனைத்துத் தேய்த்தாள். வீடெல்லாம் உங்கள் சட்டை வாசம். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாட்டிலை மூட வேண்டாம் என்றேன். அவள் மூடியை ஓரமாக வைத்தாள்.

நஞ்சன்கூட்டு மருந்துக் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது அந்த வாசத்தோடுதான் வருவீர்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டீர்கள்.

"வெளிய சொல்லப்படாது புள்ள. கம்பெனி பேட்டன்ட் வாங்கியிருக்குது. வாய விட்டா வேலை போயிரும்."

"பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியாத வேலை என்னங்க வேலை? சாராயம் கீராயம் காச்சறீங்களா?"

"அதுன்னா ஊரையே கூப்ட்டுச் சொல்லீருப்பனே!"

சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவீர்கள். ரிட்டையர் ஆனதும் உட்காரவைத்து எல்லாம் சொல்கிறேன் என்றீர்கள். நானும் நம்பி இருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். கௌதள்ளியிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தது முதல் என் பகலெல்லாம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வந்ததா, கீழ்வீட்டம்மா என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் கேட்பீர்கள். உங்கள் பகல்தான் எனக்குக் கிடைக்கவே இல்லை.

மகள் நேற்றுதான் கேட்டாள், "அப்பா அங்க என்னம்மா பண்ணுவாரு?"

"தெரியாது சாமி. பேட்டன்ட் இருக்குது, சொல்லப்படாதுன்னுட்டாரு."

அவள் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அம்மா, பேட்டன்ட்னா மத்தவங்க அதே மாதிரி செஞ்சு விக்கக் கூடாதுன்னுதான். எப்படிச் செய்யறாங்கன்னு எழுதிக் குடுத்தாத்தான் பேட்டன்டே கிடைக்கும். யார் வேணா படிக்கலாம்."

பேட்டன்ட் கிடைத்தபோது உங்களுக்கெல்லாம் கொடுத்த சுவர்க்கடிகாரத்தில் மருந்தின் பேர் இருக்கிறதல்லவா, அதைப் போட்டுப் போனில் தேடினாள். வந்துவிட்டது. உலகத்துக்கே திறந்து கிடந்ததை வீட்டில் பூட்டி வைத்தீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. உங்களுக்கும் இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இங்கிலீஷில் இருந்ததை அவள் எனக்குப் பிரித்துச் சொன்னாள். மருந்தை நகப்பூச்சு அழிக்கிற அதே திரவத்தில் கரைத்துக் காய்ச்ச வேண்டுமாம். அவசரப்படாமல் ஆற விட்டால்தான் கற்கண்டு மாதிரிப் படிகமாக இறங்குமாம். முன்னால் செய்த படிகத்தில் கொஞ்சம் எடுத்து விதையாகத் தூவ வேண்டுமாம்.

"தயிருக்கு உறை ஊத்தற மாதிரியா?"

"அதேதான்மா. அப்புறம் மெதுவாக் கலக்கிட்டே காத்திருக்கணும். சட்டுனு குளிர்ந்தா எல்லாம் மாவா இறங்கிடும்."

பெரிய தொட்டியில் உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி இருக்குமாம். அதையும் அவள்தான் சொன்னாள். காத்திருக்க வேண்டும் என்று போனில் இருக்கிறது. காத்திருந்தது யார் என்று இல்லை. உட்கார்ந்திருந்தீர்களா, நின்றீர்களா, கால் வலித்ததா, முதல் மினுக்கம் தெரிந்ததும் யாரைக் கூப்பிட்டீர்கள், அதெல்லாம் யாரும் எழுதவில்லை. அதை உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும்.

இத்தனை வருஷம் என் நினைப்பு கம்பெனி கேட் வரைக்கும்தான் வரும். இன்று காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. நீங்கள் கண்ணாடிமேல் குனிந்து நிற்கிறீர்கள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கூப்பிடவில்லை நான். பக்கத்தில் நின்று, படிகம் இறங்குகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.